தேர்வுக்கு முந்தைய நாட்கள்: புள்ளியியல் குறிப்புகள்

மார்ச் 2

நான் சொல்லிக்கொடுக்கும் பெண், 4, 6, 8, 10, 12 ஆகிய எண்களின் திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 16 என்று எழுதி, விடை முழு எண்ணாக வந்துவிட்ட மகிழ்ச்சியில் அதன் கீழே இரண்டு கோடுகளும் இழுத்திருக்கிறாள். வர்க்கங்களின் கூடுதலான 360 வர வேண்டிய இடத்தில் கூடுதலின் வர்க்கமான 1600 உட்கார்ந்திருக்கிறது. சரியான விடை √8, அதாவது ஏறத்தாழ 2.83. சூத்திரம் பிசகியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த 16 அவளுக்கு உறுத்தவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வீச்சே, அதாவது மிகப்பெரிய எண்ணுக்கும் மிகச்சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாடே, 8 எனும்போது, திட்டவிலக்கம் அதில் பாதியான 4-ஐ ஒருபோதும் தாண்ட முடியாது.

மார்ச் 3

இன்றும் வீச்சைப் பற்றியே பேசினேன். அலுத்துக்கொண்டாள்.

மார்ச் 5

பிரிவுகளின் அகலம் சமமாக இல்லாத நிகழ்வுச் செவ்வகத்தில் (ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு செவ்வகம் வரையும் படத்தில்), உயரத்தை அல்ல, பரப்பளவைத்தான் நிகழ்வெண்ணாக, அதாவது அந்தப் பிரிவில் விழும் மதிப்புகளின் எண்ணிக்கையாக, கொள்ள வேண்டும். 0–10, 10–30 ஆகிய இரண்டிலும் நிகழ்வெண் 20 என்றால், உயரங்கள் முறையே 2, 1. நிகழ்வெண்களைப் பிரிவு பிரிவாகக் கூட்டிக்கொண்டே போய் வரையும் குவிவு நிகழ்வெண் வளைவரைக்குப் புள்ளிகளைப் பிரிவின் மேல் எல்லையில் குறிக்க வேண்டும். சம அகலப் பிரிவுகளின் நடுவில் குறித்தால் வளைவரை முழுவதும் இடப்பக்கம் நகர்ந்து, இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) அரைப் பிரிவு குறைந்துவிடும்.

மார்ச் 6

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் (ஒருசேர நடக்க முடியாதவை) வேறு, சார்பிலா நிகழ்ச்சிகள் (ஒன்று நடப்பது மற்றதன் நிகழ்தகவை மாற்றாதவை) வேறு. நிகழ்தகவுகள் பூச்சியமாக இல்லாதவரை ஒரே இணை இரண்டுமாக இருக்க இயலாது.

மார்ச் 8

இன்னொரு கணக்கில் எண்களின் வர்க்கங்களின் சராசரி 72, எண்களின் சராசரி 8.36. அப்படியே வைத்துக் கணக்கிட்டால் திட்டவிலக்கம் 1.45, சராசரியை 8.4 என்று முன்கூட்டியே முழுமையாக்கினால் 1.2. இடைப்படிகளில் எல்லாத் தசம இலக்கங்களையும் காப்பாற்றி, இறுதியில் மட்டுமே சுருக்க வேண்டும். 1.2 பார்வைக்கு நியாயமான விடையாகவே இருப்பதால், நான் ஓயாமல் சொல்லிவரும் வீச்சுச் சோதனை இங்கே உதவாது என்பது மனத்தைக் குடைகிறது.

மார்ச் 9

இருவகை விளக்குகளின் எரிநேரத்தை “ஒப்பிடுக” என்ற வினாவுக்கு இரு சராசரிகளை மட்டும் எழுதி நிறுத்திவிட்டாள். முதல் வகை விளக்குகள் சராசரியாகக் கூடுதல் நேரம் எரிகின்றன, ஆனால் அவற்றின் எரிநேரம் விளக்குக்கு விளக்கு அதிகம் மாறுபடுகிறது என்று, மையத்தையும் சிதறலையும் வினாவின் பொருளோடு சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பீடு முழுமையாகும்.

மார்ச் 10

கணிப்பானில் பழைய பட்டியலை அழிக்காமல் புதிய எண்களை உள்ளிட்டால் இரண்டும் கலந்துவிடும். காலையில் அவள் கிளம்புவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.