லேலண்டுக்கு நானே செய்த பைபாஸ் பில்டர்

நாமக்கல்லில் லாரிக்காரர்கள் கூடினால் இன்ஜின் ஆயிலில் எந்த பிராண்ட் நல்லது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். பில்டரைப் பற்றிப் பேச ஆள் குறைவு. இன்ஜினுக்குப் போகும் ஆயில் முழுவதும் கம்பெனி பில்டர் வழியாக ஓடியாக வேண்டும். அதனால் அதில் ரொம்ப நெருக்கமான தாள் வைக்க முடியாது. சுமார் 25 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) மேல் உள்ள தூசைத்தான் அது உருப்படியாகப் பிடிக்கும். பேரிங்கில் ஆயில் படலம் பல இடங்களில் 10 மைக்ரான்கூட இருக்காது. பில்டரில் தப்பிய பொடிதான் பேரிங்கைத் தேய்க்கிறது.

பைபாஸ் பில்டர், பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு சிறு பங்கை மட்டும் பிரித்து, இறுக்கமான தாள் சுருள் வழியாக மெதுவாக விட்டு, இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்கே திருப்பி அனுப்பும். புது யோசனை ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து கார்களில் வந்த பில்டர்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

என் லேலண்டு லாரிக்கு லேத் பட்டறையில் சொல்லி, கனமான சீம்லெஸ் பைப்பில் கேன் செய்தேன். தாள் சுருளாக வைக்கும் டிஷ்யூ ரோல் ஒன்று இறுக்கமாக நுழையும் அளவு. மூடிக்கு ஓ-ரிங், நடுவில் ஒரு போல்ட். வண்டியில் மாட்டும் முன் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பில் 15 பார் பிரஷர் ஏற்றிப் பார்த்தோம். காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் பிரஷர் நன்றாக ஏறும் என்பதால் இந்தச் சோதனையை விடக் கூடாது. காற்றடித்துச் சோதிக்கவே கூடாது. கேன் பிளந்தால் உயிருக்கு ஆபத்து.

ஆனால் இதில் உயிர்நாடி கேன் இல்லை, கேனுக்குப் போகும் ஆயிலை அளவாக விடும், 1.5 மில்லிமீட்டர் ஓட்டை போட்ட ஒரு பித்தளை நிப்பிள். லேத்காரர் கேட்டார்: "ஏனுங்ண்ணா, 3 மில்லி போட்டா சீக்கிரம் சுத்தமாகுமில்லீங்களா?" விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் நான்கு மடங்காகும். சூடான இன்ஜின் ஐடிலிங்கில் நிற்கும்போது பிரஷர் ஏற்கெனவே குறைவு. அப்போது அவ்வளவு ஆயிலைத் திருடினால் பேரிங்குக்கும் டர்போவுக்கும் என்ன மிஞ்சும்? 1.5 போதும். 4 பார் பிரஷரில் அதுவே நிமிடத்துக்கு 2 லிட்டர் அளவில் விடும்.

அந்த நிப்பிளை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கேன் பக்கம் வைத்தால் ஹோஸ் வெடிக்கும்போது முழு பிரஷரில் ஆயில் கொட்டிவிடும். இன்ஜின் பிளாக் பக்கம், பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் மூன்று வழி 'டி' இணைப்பு போட்டு, அதன் வாயிலேயே வைத்தேன். ஹோஸ் போனாலும் ஆயில் ஒல்லியாகத்தான் பீய்ச்சும், வண்டியை ஓரம்கட்ட நேரம் கிடைக்கும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றவில்லை. அதன் துணுக்கு ஒன்று போதும், ஓட்டை அடைத்துக்கொள்ளும். செம்பு வாஷர் போட்டேன்.

ஹோஸை ஜேசிபி வண்டிகளுக்குப் பிரஸ் செய்து தரும் கடையில் செய்து வாங்கினேன். கிளிப் போட்ட டீசல் ஹோஸ் இங்கே ஆகாது. சைலன்சர் மேனிபோல்டு பக்கமே போகாமல் சேஸிஸ் ஓரமாகக் கட்டினேன். சூட்டில் ஆயில் பட்டால் தீதான். ரிட்டர்ன் லைனை ஆயில் ஊற்றும் மூடியில் இறக்கினேன்.

இப்போது ஆயில் தேன் நிறத்தில் இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுக்கத்தான் செய்யும், நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான் பில்டர் தாளில் ஒரு சொட்டு வைத்து, கறை எப்படிப் பரவுகிறது என்று பார்க்கிறேன். நடுவில் கட்டியாக நிற்காமல் சீராகப் பரவினால் திருப்தி.

இதை மாட்டிவிட்டு ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுபவர்களை எனக்குப் பிடிக்காது. தாள் தூசைப் பிடிக்கும், கொஞ்சம் ஈரத்தையும் உறிஞ்சும். ஆயிலில் கலந்த டீசலை எடுக்காது, ஆயிலில் கலந்து வந்து, ஓடித் தீர்ந்துபோன மருந்துச்சரக்கை (அடிடிவ்) திரும்ப ஊற்றாது. நான் கம்பெனி சொன்ன கிலோமீட்டரிலேயே மாற்றுகிறேன். வாரண்டி இருக்கும் வண்டியில் கை வைக்காதீர்கள். ரோல் மாற்றிய ஒவ்வொரு முறையும் இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, டிப்ஸ்டிக் பாருங்கள். கேன் குடித்த ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டுத்தான் லோடு ஏற்ற வேண்டும்.