தோலில் பூ எழும்ப வேண்டும்

தோலில் பூ வேலை கற்றுக்கொடுக்கிறேன் என்றால் எல்லோரும் கத்தியையும் உளியையும்தான் கேட்பார்கள். தக்கலைப் பக்கம் உயர்நிலைப் பள்ளியில் நான் எடுக்கும் வகுப்பில் பாதி நேரம் தண்ணீருக்கே போகிறது.

ஆவாரம் பட்டை, கடுக்காய் என்று தாவரச் சரக்கில் பதனிட்ட தோல்தான் இதற்கு ஆகும். ஈரத்தில் அழுத்திய தடம் காய்ந்த பிறகும் நிற்கும். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலில் எவ்வளவு அழுத்தினாலும் அழுத்திய இடம் மெல்ல எழும்பிவிடும். மலிவாகக் கிடைக்கும் துண்டுகளோ பெரும்பாலும் குரோம்தான். வெட்டிய ஓரத்தில் நீலச் சாம்பல் ஓடினால் ஒதுக்கி வைக்கச் சொல்வேன்.

ஸ்பாஞ்சால் நனைத்தால் தோல் கறுக்கும். மேற்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பும்போது கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் அதுதான் பதம். முந்தினால் தடம் மங்கும், பிந்தினால் பதியவே பதியாது. "எத்தனை நிமிஷம் சார்?" என்று நோட்டைத் திறந்து வைத்துக் கேட்பார்கள். "கன்னத்தைக் கேளு மக்களே" என்பேன். ஆனிச் சாரலில் ஒரு பீரியட் முழுக்கக் காத்திருந்தாலும் ஈரம் இறங்காது. பங்குனியில் ஒரு இதழைக் கீறி முடிப்பதற்குள் மறுபடி நனைக்க வேண்டும். இதற்கு மதிப்பெண் போடச் சொன்னால் எப்படிப் போடுவது?

மாதிரிக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில், பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் மரக் கூரையில் 90 வகைப் பூக்கள் இருக்கின்றன. ஆனால் மரத்தில் செதுக்கி எடுப்பதுபோல் தோலில் எதையும் எடுப்பதில்லை. கோட்டைக் கீறி, கோட்டுக்கு வெளிப்புறத்தை மட்டும் அடித்துத் தாழ்த்தினால் இதழ் தானாக மேலே தெரியும். இதைப் பிள்ளைகள் நம்பவே நாளாகும். தோல்பாவைக்கூத்து பார்த்த வீட்டுப் பிள்ளைகள் ஓட்டை போடத்தான் அவசரப்படுவார்கள். பாவைக்கு வெளிச்சம் ஊடுருவ வேண்டும், அது சரி. பர்ஸுக்கு ஓட்டை எதற்கு?

ஒரு மாணவனின் அப்பா, தோலைத் தொட வைக்கவா பள்ளிக்கூடம் என்று வந்து நின்றார். எந்த நினைப்பில் கேட்டார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அவரோடு வாதாடவில்லை. பையன் மட்டும் தவறாமல் வருகிறான்.

அச்சுகள் வாங்கக் காசில்லாததால் பெரிய ஆணிகளின் தலையை அரத்தால் ராவிக்கொண்டோம். அடிக்கும் மரச் சுத்தியான கொட்டாப்புளி தச்சரிடம் வாங்கியது. துருப்பிடித்த ஆணி ஈரத் தோலில் பட்டால் கருநீலக் கறை விழும். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வருவது. எலுமிச்சைச் சாறு தடவினால் கொஞ்சம் மட்டுப்படும். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைத் துடைக்கவில்லை. துரு ஆணிகளை வினிகரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைத் தூரிகையால் பூவைச் சுற்றித் தடவினாள். பின்னணி கறுத்து, பூ பழுப்பில் எழும்பி நின்றது. அப்புறம் எல்லோருக்கும் வினிகர் வேண்டியதாயிற்று. சத்துணவுக்கூடத்துக்குப் பக்கத்து ஜன்னலில் அந்தப் பாட்டில்களை வைக்கக் கூடாது என்று உத்தரவு வேறு.