டுபு டுபு: காரைக்குடியிலிருந்து தொண்டி வரை

பழைய இன்ஜின் தேடி காரைக்குடி வருபவர்கள் முனீஸ்வரன் கோயில் தெருவோடு நின்றுவிடாதீர்கள். அங்கே கிடைப்பது தேக்குத் தூணும் எனாமல் தூக்கும். ஆயில் இன்ஜின், அதாவது கிணற்றுத் தண்ணீர் இறைத்த டீசல் இன்ஜின் என்றால் பழைய இரும்புக் கடை, இல்லையென்றால் கரண்டு வந்தபின் ஓரங்கட்டப்பட்ட கிணற்றடிக் கொட்டகை.

எதைக் காட்டினாலும் 'டூ ஸ்ட்ரோக்', அதாவது சுற்றுக்கொரு தடவை வெடிக்கும் ரகம் என்பார்கள். பெரும்பாலும் அது இங்கிலாந்தின் லிஸ்டர் இன்ஜின் பாணியில் ராஜ்கோட்டில் வார்த்த நகல்: ஒற்றை சிலிண்டர், இரண்டு பெரிய சக்கரம், 6 எச்.பி., நிமிடத்துக்கு 650 சுற்று, இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும் ஃபோர் ஸ்ட்ரோக். ஓடவிட்டால் காதே சொல்லிவிடும். 650 சுற்றில் ஃபோர் ஸ்ட்ரோக் நிமிடத்துக்கு 325 தடவை வெடிக்கும். ஒவ்வொரு 'டுபு'வும் தனியாக விழும். டூ ஸ்ட்ரோக் 650 தடவை, ஒரே படபடப்பு. ஓடாத சின்ன இன்ஜினில், தலையில் வால்வே இல்லாமல் சிலிண்டர் நடுவிலிருந்து புகைக்குழாய் கிளம்புகிறதா பாருங்கள்; கிளம்பினால் அது டூ ஸ்ட்ரோக்.

நெடுநாள் கிடந்தது கிளம்பாவிட்டால் முதல் சந்தேகம் டீசல் லைனில் ஏர். ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை வடியவிட்டு முடுக்குங்கள். அடுத்து டீசல் பம்பு, கடைசியாக சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலின் நட்டு. அதன்பின் கையால் சுற்றினால் நாசில் 'கிர்ர்' என்று முனகும். முனகாவிட்டால் ஹேண்டிலோடு மல்லுக்கட்டுவது வீண். சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, சக்கரம் நல்ல வேகம் பிடித்ததும் விடுங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும்; ஹேண்டில் எதிர்த்து உதைத்தால் முறிவது அதுதான்.

அசல் டூ ஸ்ட்ரோக்கின் தீராத நோய் கரி. புகை வெளியேறும் துவாரம் அடைத்துக்கொண்டால் இழுவை போய்விடும். பிஸ்டனை மேலேற்றித் துவாரத்தை மூடிக்கொண்டு மரக்குச்சியால் சுரண்ட வேண்டும். இரும்பு பட்டால் பிஸ்டனில் கீறல். இன்னொன்று, அடித்தொட்டி (கிராங்க்கேஸ்) வழியே காற்றிழுக்கும் ரகத்தில் ஆயில் மிஞ்சினால் அதையே எரித்துக்கொண்டு வெறிபிடித்து ஓடும். டீசலை மூடினாலும் நிற்காது. காற்று வாயைப் பலகையால் அடையுங்கள். துணி வேண்டாம், உள்ளே இழுத்துவிடும்.

தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டிக் கரைக்குப் போனால் படகுகளில் இன்று வேக இன்ஜின்களின் இரைச்சல்தான். மண்டையை புளோலாம்பால் சுடவைத்துக் கிளப்பும் பழைய ஹாட்பல்ப் டூ ஸ்ட்ரோக் எந்தத் திசையிலும் ஓடும். வேகத்தை நன்றாகக் குறைத்து, நேரத்துக்கு முன்பே எண்ணெயைப் பீய்ச்சினால் சக்கரம் பின்வாங்கி எதிர்ப்பக்கம் சுழலும். ஸ்வீடனின் பொலிண்டர் படகு இன்ஜின்கள் ரிவர்ஸ் கியரே இல்லாமல் அப்படித்தான் பின்னால் போயின.