வாய்ப்புண்ணும் 60,000 யூனிட்டும்

மருந்துக்கடையில் ஒருவர் கீழுதட்டை இழுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாக ஒரு புண், சுற்றிலும் சிவப்பு வளையம்.

“மாசம் தவறாம வருது. பி காம்ப்ளக்ஸ் வேணாம், அந்த வைட்டமின் டி பாக்கெட் குடுங்க. தினம் ஒண்ணு போடலாம்ல?”

தினம் ஒன்றா!

அந்தப் பாக்கெட்டில் இருப்பது 60,000 யூனிட். வாரம் ஒன்று, வழக்கமாக 8 வாரம், அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால். இது கொழுப்பில் கரையும் வைட்டமின். மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, குமட்டல், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் வரை இழுத்துவிடும்.

அவர் கேட்டதில் விஷயம் இல்லாமலில்லை. அடிக்கடி வாய்ப்புண் வருபவர்களிடம் டி அளவு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நோய் எதிர்ப்பு அணுக்களை வரம்பு மீறாமல் அடக்கி வைப்பதில் வைட்டமின் டிக்குப் பங்குண்டு. ஆனால் அந்தக் குறைவுதான் புண்ணைக் கொண்டுவருகிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை.

முதலில் ரத்தப் பரிசோதனை. ‘25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி’ என்று கேளுங்கள். மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. கூடவே பி12, ஃபோலேட் (இன்னொரு பி வைட்டமின்), ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது). என் முதல் சந்தேகம் இந்த மூன்றின் மேல்தான். பற்பசையில் நுரை வரவைக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள்.

மணத்தக்காளிக்குத் தடையில்லை.

சின்னப் புண் 2 வாரத்தில் ஆறிவிடும். 3 வாரம் தாண்டியும் ஆறாத ஒற்றைப் புண் என்றால், அதிலும் புகையிலைப் பழக்கம் இருந்தால், உதட்டைக் கடைக்காரரிடம் காட்டாதீர்கள். பல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.