மினாமி தைத்தோ: கம்பெனித் தீவு

ஜப்பானின் ஒக்கினாவாவுக்குக் கிழக்கே சுமார் 360 கிலோமீட்டர் தள்ளி மினாமி தைத்தோ என்று ஒரு பவளத் தீவு. 1900 வரை மனிதர் யாரும் குடியிருக்காத இடம். தோக்கியோவுக்குத் தெற்கே உள்ள ஹச்சிஜோ தீவிலிருந்து தமாஓக்கி ஹன்எமோன் என்ற தொழிலதிபர் அனுப்பிய ஆட்கள்தான் காட்டை வெட்டிக் கரும்பு போட்டார்கள். கூலி வேலைக்கு ஒக்கினாவாவிலிருந்தும் வந்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். தீவு முழுக்கச் சர்க்கரைக் கம்பெனியின் சொத்து. கடை, பள்ளிக்கூடம், ரயில் எல்லாம் கம்பெனியுடையது. செலவுக்குப் பணம்கூட கம்பெனி அச்சடித்த சீட்டுதான்! உழுதவனுக்கு நிலம் கிடைத்தது 1964இல், அதுவும் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஒக்கினாவாவில் அமெரிக்க ஆட்சி நடந்தபோது. நிலம் கைக்கு வர இரண்டு தலைமுறை ஆனதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கரும்பு ரயில் 1983 வரை ஓடியது.

தீவின் வடிவமும் விசித்திரம். கிண்ணம் மாதிரி விளிம்பு உயரம், நடுப்பகுதி பள்ளம். பழைய கடற்கழி மேலே எழும்பியதால் உள்ளே நிறையக் குளங்கள்.

கலாசாரமும் கலப்படம்தான். கோயில் திருவிழாவில் எடோ (தோக்கியோவின் பழைய பெயர்) பாணி, ஒக்கினாவா பாணி என இரண்டு மல்யுத்தமும் உண்டு. சோயா சாஸில் ஊறவைத்த மீனை வைத்துச் செய்யும் தைத்தோ சுஷி ஹச்சிஜோக்காரர்கள் கொண்டுவந்தது.

சுற்றிலும் செங்குத்துப் பாறை என்பதால் கப்பல் கரையோடு ஒட்டி நிற்க முடியாது. பயணிகளைக் கூண்டில் ஏற்றி கிரேனால் தூக்கித்தான் இறக்குவார்கள். எனக்கு உயரம் என்றாலே பயம், நான் விமானத்திலேயே போய்க்கொள்கிறேன்.