வீட்டுக்கு பர்மிட் வேண்டாம், கக்கூஸுக்கு வேண்டும்

டெக்சாஸில் நகர எல்லைக்கு வெளியே நிலம் வாங்கப் போனால் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள், "இங்கே பர்மிட்டே தேவையில்லை". நிலம் காட்டிய ஏஜென்ட் சொன்னார், பக்கத்து நிலத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து சொன்னார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் வீட்டில் செங்கல் ஒன்று வைப்பதற்குள் ஐந்து மாதம் போயிற்று.

எங்கள் இடம் டல்லாஸிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரம், மூன்று ஏக்கர். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் குடியிருக்கப் போகிறோம். டெக்சாஸில் மொத்தம் 254 கவுண்டிகள், மாநிலச் சட்டமன்றம் எழுதிக் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் அவற்றுக்கு உண்டு. இந்த இடத்தில் வீடுதான், அந்த இடத்தில் கடைதான் என்று பிரித்து வைக்கிற அதிகாரம் நகராட்சிக்கு இருக்கிறது, கவுண்டிக்குப் பெரும்பாலும் இல்லை. கட்டும்போது மூன்று கட்டமாக ஆய்வு நடக்க வேண்டும் என்று 2009-ல் ஒரு சட்டம் வந்தது, அதுவும் ஏற்றுக்கொண்ட கவுண்டிகளுக்கு மட்டும். எங்கள் கவுண்டி ஏற்கவில்லை. ஆக, தூண் எத்தனை, கம்பி எவ்வளவு கனம் என்று கேட்க அரசாங்கத்தில் ஆளில்லை. (கடன் கொடுத்த வங்கி கேட்டது. ஒவ்வொரு தவணைக்கும் அவர்கள் ஆள் வந்து படமெடுத்துப் போன பிறகுதான் பணம் வந்தது.)

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவரால் நம்ப முடியவில்லை. கோவில்பட்டி பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வரைபட அனுமதி வாங்க அவர் அலைந்த கதை எனக்கு மனப்பாடம். "அப்போ என்னத்துக்குப்பா அஞ்சு மாசம்?" என்றார். "செப்டிக் டேங்குக்குப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

நிஜமாகவே அதற்குத்தான். ஊர்க் கழிவுநீர்க் குழாய் இல்லாத இடத்தில் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்பதற்கு மாநில விதிகள் உண்டு, அவற்றை அமல்படுத்துவது கவுண்டி. பத்து ஏக்கரோ அதற்கு மேலோ வைத்திருப்பவருக்குச் சில நிபந்தனைகளோடு மாநில விதியில் விலக்கு இருக்கிறது, சில கவுண்டிகள் அதையும் ஒத்துக்கொள்வதில்லை. மூன்று ஏக்கர்காரனுக்குப் பேச்சே இல்லை. முதலில் உரிமம் பெற்ற ஒருவர் வந்து மண் பார்க்க வேண்டும். அவர் பொக்லைன் வைத்து இரண்டு குழி வெட்டச் சொன்னார், உள்ளே இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து, பாட்டில் தண்ணீரைச் சொட்டவிட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி வெளியே தள்ளினார். ரிப்பன் பக்கோடா பிழிகிற மாதிரி நாடாவாக வந்துகொண்டே இருந்தது, ஒடியவில்லை, அத்தனை களிமண். இரண்டு அங்குலம் தாண்டியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு அவர் சொல்லவே வேண்டாம். கோடையில் கால் நுழைகிற அளவு வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், அப்படியே எங்கள் ஊர்க் கரிசல். கடல் தாண்டி வந்தும் அதே மண்ணில்தான் வந்து விழுந்திருக்கிறேன். இந்த மண் தண்ணீரைக் கீழே விடாது, அதனால் துளையிட்ட குழாயைப் புதைத்து ஊறவிடும் மலிவான முறை செல்லாது. காற்றடித்து நுண்ணுயிர் வளர்க்கும் தொட்டி, குளோரின் மாத்திரை, கடைசியில் வெளியேறும் நீரைப் புல்லில் தெளிக்க ஸ்பிரிங்க்ளர், இவ்வளவும் வேண்டும். செலவு 13 ஆயிரம் டாலர். முதல் இரண்டு வருடம் பராமரிப்பு ஒப்பந்தம் கட்டாயம், நாலு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும்.

இந்த நிலத்தில் இப்படி ஒரு தொட்டி இருக்கிறது என்று பத்திரப் பதிவிலும் எழுதி வைக்க வேண்டும். அதை முடித்துக்கொண்டு விண்ணப்பத்தைக் கொடுத்தால் திரும்பி வந்தது. நான் மூன்று படுக்கையறை என்று எழுதியிருந்தேன், கவுண்டியின் செப்டிக் பிரிவுக்கே ஒற்றை ஆளான அம்மணி வரைபடத்தில் விரல் வைத்து நாலு என்றார். படிக்கும் அறை என்று நான் போட்டிருந்ததில் துணி அலமாரி இருந்ததாம், அலமாரி இருந்தால் அது படுக்கையறை. மூன்று என்றால் ஒரு நாளைக்கு 240 கேலன் கழிவுநீர் என்று கணக்கு, நாலு என்றால் 300, தொட்டியே பெரிதாகும். பக்கத்திலிருந்த சின்ன அறை என்ன என்று கேட்டார். சாமி அறை என்றேன். "அதில் யாராவது தூங்குவார்களா?" இல்லை என்று விளக்கிவிட்டு வந்து வரைபடத்தில் அலமாரியை அழித்தேன். மூன்று வாரம் காலி. விதி அந்த அம்மணி போட்டதில்லை, ஆனால் முதல் நாளே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கலாம்.

மற்றவை சில்லறை. வாசல் பாதைக்குக் கீழே மழைத் தண்ணீர் போக 18 அங்குலக் குழாய் போடச் சொன்னார்கள், வெள்ள வரைபடத்தில் எங்கள் இடம் ஆபத்தில்லாத பகுதி என்றாலும் அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். மின் இணைப்புக்கு வீட்டு முகவரி கேட்டார்கள், வீடே இல்லையே என்றால், பாதை எங்கே வரும் என்று காட்டினால் முகவரி தருகிறோம் என்றார்கள்.

கடைசி ஆய்வுக்கு முன் தொட்டியை மண் போட்டு மூடக் கூடாது. ஆய்வாளர் வருவதாகச் சொன்ன வாரம் மூன்று நாள் மழை. காலித் தொட்டி குழித் தண்ணீரில் மிதந்து மேலே வந்துவிடும் என்று ஒப்பந்தக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக ஹோஸ் போட்டு அதை நிரப்பினார். ஆய்வாளர் வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஸ்பிரிங்க்ளர் மூடிகள் ஊதா நிறத்தில் இருக்கின்றனவா என்று சரிபார்த்து (அதுவும் விதி, குடிநீர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே) கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை வீடியோ காலில் அப்பாவுக்கு ஸ்பிரிங்க்ளர் ஓடுவதைக் காட்டினேன். பொட்டல் கரிசலில் தண்ணீர் சுற்றிச் சுற்றி விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு தண்ணியும் சும்மா புல்லுக்கா போகுது? ரெண்டு கத்தரி, வெண்டை போடலாம்ல?"

"கூடாதுப்பா, திங்கிறது எதையும் அங்க வைக்கக் கூடாதுன்னு விதியிலயே இருக்கு."

"அதையும் எழுதிட்டானா" என்றார்.