மண்டபத்திலிருந்து நெடுங்கேணிக்கு: மகளைப் பள்ளிக்கூடம் சேர்த்த கதை

1990இல் மன்னார்ப் பேசாலையில் தமிழ்நாட்டுக்கு அகதியாக வள்ளம் ஏறும்போது எனக்கு ஏழு வயது. 2016 மேயில், மண்டபம் அகதி முகாமிலிருந்து, ஐ.நா. அகதிகள் அமைப்பான யூ.என்.எச்.சி.ஆர் ஒழுங்குசெய்த விமானத்தில் இலங்கைக்குத் திரும்பினேன், இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பிளாஸ்டிக் பையோடும். வவுனியா வடக்கு நெடுங்கேணியில் அம்மாவின் காணிக்கு வந்த மூன்றாம் நாளே மகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன்.

அதிபர் தமிழ்நாட்டு மாற்றுச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விடுகைப் பத்திரம் இல்லையோ?" அதுதான் இது என்று விளங்கப்படுத்தவே கால்மணித்தியாலம் போயிற்று. பிறகு, தரம் 4இல் போடலாம் என்றார். பத்தரை வயசுப் பிள்ளை, அங்கே ஐந்தாம் வகுப்பு முடித்தவள்! சிங்களம் தெரியாதாம், பாடத்திட்டம் வேறாம். வெளியே வந்த பிறகு ஒரு ரீச்சர்தான் காதோடு சொன்னா: தரம் 5 என்றால் ஓகஸ்ட்டில் புலமைப்பரிசில் பரீட்சை, பாடசாலையின் பெறுபேறு குறைந்துவிடுமாம். தரம் 6 என்ற கதையே அங்கு எடுபடவில்லை.

அடுத்த நாள் கிராம அலுவலரின் கடிதத்தோடு கல்வி அலுவலகம் போனேன். கட்டாயக் கல்வி வயது 5 தொடக்கம் 16 வரை என்று அந்த வருடம்தான் கூட்டியிருந்தார்கள். அதைச் சொல்லித்தான் வாதாடினேன். ஓர் அலுவலர் அங்கேயே ஒரு கணக்குத் தாளைக் கொடுத்தார். பத்தில் எட்டுச் சரி. தரம் 6 என்று எழுதித் தந்தார், குடியுரிமைப் பத்திரத்தைப் பிறகு கொண்டுவர வேண்டுமென்ற நிபந்தனையோடு.

திரும்பி வர இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து, குடியுரிமைப் பத்திரம் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். எங்கள் கலியாணப் பதிவு பிந்தியதால் நான் எடுக்கவில்லை. அதனால் இங்கே வந்து அலைந்தேன்: இரவு பஸ்ஸில் கொழும்பு, அங்கிருந்து பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். நான்கு தரம் போய்வந்தேன்.

பத்திரம் அலைய வைத்தது, மகளை வகுப்பறைதான் அழ வைத்தது. "ஸ்கேல் குடு" என்றால் சிரிப்பார்களாம். இங்கே அது அடிமட்டம். நோட்டு கொப்பியானது, தேர்வு பரீட்சையானது. பெயரே "இந்தியாக்காரி" ஆகிவிட்டது. சமயபாடம் அங்கே இருந்ததில்லை. தேவாரத்தை அம்மம்மாவோடு இருந்து பாடமாக்கினாள்.

சிங்களத்துக்குக் கைகொடுத்தவர் பக்கத்து வளவுப் பெரியவர். 1977 இனக்கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். பேச்சு நன்றாக வரும், எழுத்துத் தெரியாது. எழுத்தை இவள் புத்தகம் பார்த்துப் பழக, உச்சரிப்பை அவர் திருத்துவார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அவரை "அப்பு" என்பார்கள். இவள் மட்டும் "தாத்தா" என்பாள், அதில் அவருக்குத் தனிச் சந்தோசம்.

கடைசியாகப் பத்திரம் கிடைத்த அன்று அவரிடம் காட்டினேன். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் என்று இருந்ததை மகள் வாசித்துச் சொன்னாள்.

"இந்தச் சட்டந்தாம்மா எங்கப்பாவ நாடில்லாதவரா ஆக்குச்சு," என்றார். "எனக்கு 2003ல புதுச் சட்டம் வந்தப்புறந்தான் கெடச்சுது." பத்திரத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "லேமினேட் பண்ணிராதம்மா, பின்னாடி சீல் குத்தக் கேப்பாங்க," என்றார்.